ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய் வவுச்சர்

"அப்படின்னா நானும் குத்தவாளிதானே, தாயி?"

அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு பெரியவர் என்னைக் கேட்ட கேள்வி இது. எங்கள் ஊர் மேல்மலையில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டிப் போகிற பாதையில் இருக்கிறது. அன்று காலையிலிருந்தே தூறல். சமுதாயக் கூடத்தின் தகரக் கூரைச் சத்தத்தில் செயலர் வாசித்த வரவு செலவு பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, தோட்டத்துக்குள் இறங்கும் காட்டுமாடு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்து, எல்லாரும் டீக்கு எழுந்திருக்கும் நேரத்தில் நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

தீர்மானம் நாலே வரி. தொழில் நிறுவனங்கள் கொடுக்கும் லஞ்சத்துக்கு எதிரான சட்டத்தை வலுப்படுத்த வேண்டும், அதை வெளியே சொல்லும் ஊழியருக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளை இந்தக் கிராம சபை கேட்டுக்கொள்கிறது. நான் வாசித்து முடித்ததும் பூண்டுக்காரப் பெரியவர் கையைத் தூக்கினார். இரண்டு வருடம் முன்னால் பட்டா மாறுதலுக்கு நாலாயிரம் கொடுத்திருக்கிறார். "வாங்குனவன் மட்டுமில்ல, குடுத்தவனும் குத்தவாளின்னு டிவியில சொன்னாங்க. அப்படின்னா நானும் குத்தவாளிதானே?"

"சட்டப்படி ஆமாம், பெரியப்பா" என்றேன். கூடம் சட்டென்று அமைதியாகிவிட்டது.

அன்று அவருக்கு என்னால் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு, அது பெருமைப்படும்படியான தகுதி இல்லை. கொடைக்கானல் டவுனில் ரிசார்ட்டும் காட்டேஜும் கட்டித் தரும் ஒரு நிறுவனத்தில் 2011 முதல் 2019 வரை நான் கணக்கு எழுதினேன். அந்த நிறுவனம் கொடுத்த லஞ்சம் ஒவ்வொன்றும் என் கையால்தான் கணக்கில் ஏறியது.

லஞ்சம் என்றதும் நம் எல்லார் மனதிலும் வருவது ஒரே காட்சிதான். ரசாயனம் தடவிய நோட்டு, மறைந்திருந்த போலீஸ், சோடா கலந்த தண்ணீரில் விட்டதும் இளஞ்சிவப்பாகும் விரல்கள். பேப்பரில் வாரம் ஒரு முறையாவது வருகிறது. நல்லதுதான், வர வேண்டும். ஆனால் எட்டு வருடம் கணக்கு எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பொடி நோட்டில்தான் ஒட்டும், பில்லில் ஒட்டாது. நிறுவனம் கொடுக்கும் பெரிய லஞ்சம் நோட்டாகப் போவதே குறைவு.

மலையில் ஒரு கட்டடம் எழும்ப வேண்டுமானால் கீழே சமவெளியில் இருப்பதுபோல ஒரு கையெழுத்தில் முடியாது. சரிவு எத்தனை, மண் தாங்குமா, காட்டு எல்லை எவ்வளவு தூரம், ஓடை எங்கே போகிறது என்று துறை துறையாகத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். எங்கள் பேச்சில் எல்லாமே என்.ஓ.சி.தான். மலையைக் காப்பாற்றத்தான் அத்தனை கையெழுத்தும். அத்தனையும் நியாயமானவை. எங்கள் முதலாளிக்கோ ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு செலவு.

சின்ன தொகையெல்லாம் ரொக்கமாகப் போகும். அதைக் கணக்கில் 'சைட் இதரச் செலவு' என்று காட்ட வேண்டும். வருமான வரிச் சட்டப்படி ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. 2017 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10,000 ஆனது. அதுவரை பத்தொன்பதாயிரம், பத்தொன்பதாயிரத்து ஐநூறு என்று வவுச்சர் போட்டுக்கொண்டிருந்த நான், அப்புறம் ஒன்பதாயிரத்து எண்ணூறாகப் போட ஆரம்பித்தேன். ஒரு லட்சம் வெளியே போனால் பத்து வவுச்சர், கடைசியாக ஒரு இரண்டாயிரம். ஐயாயிரத்துக்கு மேல் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஸ்டாம்பின் மேல் கையெழுத்து வேண்டும். மண் அள்ளிய கூலி, கல் உடைத்த கூலி, சவுக்குக் கட்டை வாடகை என்று விவரம் எழுதி வைப்பேன். சூப்பர்வைசர் தம்பி மூன்று நிறப் பேனாவை மேசையில் வைத்துக்கொண்டு ஆள் மாற்றி ஆள் பெயரில் கையெழுத்துப் போடுவான். சில பெயர்களுக்கு இடது கையால் போடுவான், எழுத்து வேறு மாதிரி தெரிய வேண்டும் என்று. ஸ்டாம்பை எச்சில் தொட்டு ஒட்டி ஒட்டி எனக்கு நாக்கில் பசை ருசி நிற்கும். இன்றைக்கும் போஸ்ட் ஆபீசில் ஸ்டாம்பைப் பார்த்தால் அந்த ருசி வருகிறது.

பெரிய தொகை இப்படிப் போகாது. அதற்கு ஒரு ஆலோசகர் இருந்தார். அவருடைய பில்லில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: 'தொழில்நுட்ப ஆலோசனை'. இரண்டு லட்சம், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 36,000. நாங்கள் 10 சதவீதம் டி.டி.எஸ். 20,000 பிடித்துக்கொண்டு 2,16,000 ரூபாயை வங்கி மூலமாகவே அனுப்புவோம். பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் அரசாங்கத்துக்குக் கட்டிவிடுவேன். ஒரு நாள் கூடத் தாமதித்ததில்லை. ஆலோசகர் என்ன ஆலோசனை சொன்னார் என்பதற்கு ஒரு துண்டுத் தாள் கூட எங்கள் ஃபைலில் கிடையாது. பணம் போன பத்து பன்னிரண்டு நாளில் என்.ஓ.சி. வந்துவிடும். ஆடிட்டர் வருவார், பில் இருக்கிறதா, வரி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார், டிக் போடுவார்.

சட்டத்துக்கு விரோதமான செலவை வருமானத்தில் கழிக்கக் கூடாது என்று அப்போதிருந்த 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-வது பிரிவில் விளக்கமாகவே எழுதியிருந்தது. அதனால்தான் லஞ்சத்துக்கு இத்தனை சட்டை மாற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டையைத் தைத்தவள் நான்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலை மேலும் வந்தது. அந்த மழையில் எங்கள் சைட் ஒன்றின் தடுப்புச் சுவர் சரிந்து, கீழே ஒரு குடும்பத்தின் கேரட் பாத்தி மூன்றை மூடிவிட்டது. இரவு நேரம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் முதலாளியோடு நானும் போனேன். அந்த வீட்டு அக்கா சேற்றுக்குள் கையை விட்டு, அறுவடைக்கு இரண்டு வாரம் இருந்த கேரட்டைத் தோண்டித் தோண்டி எடுத்து ஒரு குண்டானில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நிற்பதைப் பார்த்தும் நிமிரவில்லை. அந்தச் சரிவில் மண் தாங்கும் என்று சான்று வாங்கிய மாதம் எது, அதற்குப் போன தொகை எவ்வளவு, எந்தத் தலைப்பில் எழுதினேன் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். அதற்கும் ஐந்து வவுச்சராக நான்தான் பிரித்து எழுதினேன். 'நிலச் சீரமைப்பு' என்று தலைப்பு.

மூன்று மாதம் கழித்து வேலையை விட்டேன். புகார் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவின் விஷயமே.

முதலில் பெரியப்பாவின் கேள்வி. ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ல் வந்தது. அதில் கொடுத்தவரை உடந்தை என்ற வகையில்தான் பிடிக்க முடியும். வாங்கியவர் மேல் நடக்கும் வழக்கில் 'நான் கொடுத்தேன்' என்று சொன்னால், அந்த வாக்குமூலத்தை வைத்துச் சொன்னவர் மேல் வழக்குப் போட மாட்டார்கள். 2018 ஜூலை 26 முதல் அது மாறிவிட்டது. கொடுப்பதே தனிக் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்திக் கேட்டதால் கொடுத்தேன் என்றால், கொடுத்த 7 நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். சொன்னால் குற்றமில்லை. மேல்மலையில் பஸ் பிடித்து டவுனுக்கு வந்து, அங்கிருந்து திண்டுக்கல் இறங்கி, யாரிடம் சொல்வது என்று விசாரித்து, அந்த அதிகாரியிடமே நாளைக்கும் போய் நிற்க வேண்டியவர் 7 நாளில் எங்கே சொல்வார்?

அதே திருத்தத்தில்தான் நிறுவனமும் முதல் முறையாகச் சட்டத்துக்குள் நேரடியாக வந்தது. 9-வது பிரிவு. நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவர் அதன் ஆதாயத்துக்காக லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளி. இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் தண்டனை அபராதம் மட்டும்தான். எவ்வளவு என்று சட்டத்தில் இல்லை. தடுப்பதற்கு உரிய ஏற்பாடுகளை வைத்திருந்தோம் என்று காட்டினால் நிறுவனம் தப்பலாம். 10-வது பிரிவு இயக்குநர்களுக்கானது. அவர்கள் சம்மதத்தோடோ உடந்தையாகவோ நடந்தது என்று நிரூபித்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை. நிரூபிப்பது யார், எதை வைத்து? 'தொழில்நுட்ப ஆலோசனை' என்று ஒற்றை வரியில் இருக்கும் பில்லை வைத்தா?

இதற்கு நடுவில், பொது நலன் எதுவுமில்லாமல் இன்னொருவருக்கு ஆதாயம் வாங்கிக் கொடுத்த அதிகாரியைத் தண்டிக்கும் பிரிவு ஒன்று பழைய சட்டத்தில் இருந்தது. அந்தத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அதிகாரி எடுத்த முடிவு பற்றி விசாரணை தொடங்கவே முன் அனுமதி வேண்டும் என்ற 17ஏ பிரிவையும் சேர்த்தார்கள். நேர்மையான அதிகாரி பயமின்றி முடிவெடுக்க வேண்டும் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மலையில் வாழ்கிறவளாக இதை ஏற்க முடியவில்லை. எங்களுக்கு ஒரு அனுபவம் இருக்கிறது.

1994-ல் கொடைக்கானலில் ஒரு ஓட்டலுக்கு, விதிகளுக்கு மேல் மாடி கட்டிக்கொள்ள அரசு விலக்கு அளித்தது. பிளசண்ட் ஸ்டே ஓட்டல். பழனி மலைகள் பாதுகாப்பு கவுன்சில் வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, 1995-ல் உச்சநீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. ஊழல் வழக்கு தனியாக நடந்தது. 2000 பிப்ரவரி 2-ல் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறை என்று தனி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2001 டிசம்பரில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இதெல்லாம் பலருக்கும் மறந்திருக்கும். எனக்கு மறக்காததற்குக் காரணம் வேறு. தீர்ப்பு வந்த அன்று தர்மபுரியில் பஸ்ஸைக் கொளுத்தியதில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் இறந்தார்கள். நானும் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். அவர்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். அன்று இரவு விடுதியில் யாரும் சாப்பிடவில்லை. எங்கள் ஊர் ஓட்டலின் மாடிக்கும் தர்மபுரியில் எரிந்த அந்தப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா போனில் கேட்டுக் கேட்டு அழுதது இப்போதும் காதில் இருக்கிறது.

அந்த வழக்கைத் தொடங்க முடிந்ததற்கு ஒரு காரணம், மாடி கண்ணுக்குத் தெரிந்தது. ரோட்டில் நின்று எண்ணலாம். என் வவுச்சரை யார் வெளியில் நின்று எண்ண முடியும்?

இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தபோது சென்னையில் நடந்த ஒன்றுதான் என்னை உலுக்கியது. காக்னிசன்ட் நிறுவனத்தின் சென்னை வளாகத்துக்குத் திட்ட அனுமதி கிடைக்க, 2014-ல் தமிழ்நாட்டு அரசு அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் கேட்டதாகவும், அதைக் கட்டுமான ஒப்பந்ததாரர் மூலம் கொடுக்க நிறுவனத்தின் மேலிடம் ஒப்புக்கொண்டதாகவும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. ஒப்பந்ததாரருக்கு அந்தப் பணத்தை எப்படித் திருப்பிக் கொடுத்தார்களாம்? கூடுதல் வேலை நடந்ததாகப் போலிக் கோரிக்கைகள் எழுதி, பில்லில் சேர்த்து. படித்தபோது எனக்கு வியர்த்தது. அளவு வேறு, வேலை அதே வேலை. 2019 பிப்ரவரியில் நிறுவனம் சுமார் 2.5 கோடி டாலர் கட்டியது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. விஷயத்தை முதலில் போய்ச் சொன்னதே அந்த நிறுவனம்தான். பிற்பாடு தெரிந்தால் இன்னும் மோசமாகும் என்ற பயம் அங்கே இருக்கிறது.

அந்த நிறுவனத்தைப் பிடித்த அமெரிக்காவின் வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டம் (எஃப்.சி.பி.ஏ.) 1977-ல் வந்தது. வெளிநாட்டில் லஞ்சம் கொடுத்தாலும் அமெரிக்காவில் தண்டனை. அதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது கணக்குப் பற்றிய பகுதி. அந்நாட்டுப் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் பொய்க் கணக்கு எழுதினால், லஞ்சத்தைத் தனியாக நிரூபிக்காமலேயே அந்தப் பொய்க் கணக்குக்காகப் பிடிக்கலாம். 2010-ல் இன்னொரு சட்டத்தின் மூலம், துப்புக் கொடுக்கும் ஊழியருக்கு வசூலாகும் தொகையில் 10 முதல் 30 சதவீதம் வரை தரவும் ஏற்பாடு செய்தார்கள். பிரிட்டனின் 2010-ம் ஆண்டு லஞ்சச் சட்டத்தில் நிறுவனத்துக்கான அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை.

சரி, அமெரிக்கா பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிடலாமா? 2025 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தின் புதிய வழக்குகளை நிறுத்திவைக்க அவர்களுடைய அதிபர் உத்தரவிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் காக்னிசன்ட்டின் முன்னாள் அதிகாரிகள் இருவர் மேல் இருந்த குற்ற வழக்கை அரசுத் தரப்பே திரும்பப் பெற்றது. நம் ஊர் அனுமதிக்கு நடந்ததாகச் சொல்லப்பட்ட லஞ்சத்தின் கதி அங்கே ஒரு கையெழுத்தில் மாறுகிறது. நம் மண்ணில் நடப்பதை நம் சட்டம்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நிறுவனம் லஞ்சம் கொடுத்தது யாருக்குத் தெரியும்? கொடுத்தவருக்கு, வாங்கியவருக்கு, கணக்கு எழுதியவருக்கு. முதல் இரண்டு பேரும் வாய் திறக்கப் போவதில்லை. மூன்றாவது ஆள் பேசினால்தான் உண்டு. அந்த மூன்றாவது ஆளுக்கு இந்தச் சட்டம் என்ன வைத்திருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். உடந்தைக் குற்றம்தான் இருந்தது.

தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பத்து வருடத்துக்கும் மேல் கழித்து, 2014-ல், தகவல் சொல்பவர்களைப் பாதுகாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. ஆனால் அது நடைமுறைக்கு வரும் தேதியை மத்திய அரசு அறிவிக்கவே இல்லை. அச்சடித்த சட்டம் அலமாரியில் இருக்கிறது. வந்திருந்தாலும் அது அரசு ஊழியர் செய்யும் ஊழலைச் சொல்பவருக்குத்தான். தனியார் நிறுவனம் செய்யும் தப்பைச் சொல்லும் என்னைப் போன்றவளை மனதில் வைத்து எழுதியது இல்லை அது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் உள்ளுக்குள் ஒரு புகார் வழி வைக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. எங்களுடையதோ இரண்டு பேர் சேர்ந்து நடத்திய கூட்டு வியாபாரம். புகார் சொல்ல வேண்டுமானால் முதலாளியிடம்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு மாதம் பதினாலாயிரம் சம்பளம். பையன் எட்டாவது படித்தான். டவுன் சின்னது. ஒரு முதலாளிக்கு ஆகாதவளுக்கு இன்னொரு முதலாளி வேலை தர மாட்டார். அத்தனை வவுச்சரும் என் கையால் எழுதியவை. பயந்தேன். வேலையை விட்டதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தக் கேரட் பாத்தியைத் தாண்டிப் போகும்போது இன்றும் பஸ்ஸில் மறுபக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

அதனால்தான் தீர்மானத்தில் இரண்டாவது பாதியை விடவே மாட்டேன் என்றேன். அபராதத்தை ஏற்றுங்கள், லஞ்சம் கொடுத்த நிறுவனத்துக்கு அரசு டெண்டரும் அனுமதியும் சில வருடம் கிடையாது என்று எழுதுங்கள், வேண்டும். ஆனால் அந்த 2014 சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து தனியார் ஊழியரையும் அதில் சேர்க்காத வரை இதெல்லாம் யார் மேல் பாயும்? பட்டாவுக்கு நாலாயிரம் கொடுத்த பெரியப்பா மேல் வேண்டுமானால் பாயும்.

கூடத்தில் இதை இவ்வளவு கோர்வையாக நான் சொல்லவில்லை. குரல் நடுங்கியது. வவுச்சர் விஷயத்தைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசி முடித்ததும் பெரியப்பா, "அந்த ஏழு நாளை மூணு மாசமாக்கச் சொல்லி அதையும் எழுது தாயி, குளிருல எங்களால ஓட முடியாது" என்றார். எழுதினோம். கை தூக்கச் சொன்னபோது நாற்பதுக்கு மேல் எண்ணினார் செயலர். எதிர்ப்பு இல்லை. தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரியப்பா கைரேகை வைத்தார். மை ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "இது ஜெயிலுக்குப் போற ரேகை இல்லையே?" என்று கேட்டார். இல்லை பெரியப்பா என்றேன்.

அடுத்த ஞாயிறு சந்தைக்கு டவுனுக்குப் போனபோது நகல் எடுத்தேன். மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று. ஜெராக்ஸ் கடை வாசலில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் பீன்ஸ் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்.

"எனக்கொண்ணு எடுத்துக் குடு. என் மகன் திருப்பூர்ல ஒரு கம்பெனியில கணக்குத்தான் எழுதுறான்."

கூட ஒன்று எடுத்தேன். நாலாய் மடித்து ஜாக்கெட்டுக்குள் பர்ஸில் வைத்துக்கொண்டார்.